ஏழுக்கு அடுத்தது ஒன்பது

அத்தியாயம் 3

சாப்பாட்டு மேஜையின் மேல் ஒன்பது கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன. டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவளைப்போல முதல் கடிதத்தில் ஆரம்பித்தாள். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பேனா வேறு.

"அண்ணி, பார்த்து மார்க் போடுங்க. அந்த மனுஷனை ஏற்கெனவே ஃபெயில் பண்ணிட்டாங்க" என்றான் கத்திரி.

கத்திரி டீச்சரின் கொழுந்தன். பதினாலு வருஷம் ராணுவ முகாமில் முடிவெட்டியவன். கையைவிட வாய் வேகமாக ஓடியதால் வேலை போயிற்று. அண்ணன் காலமான பிறகு அண்ணிக்குத் துணையாக வந்து சேர்ந்தான். யாருக்கு யார் துணை என்பது அந்த வீட்டில் இன்னும் தீராத வழக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலில் இறங்கியபோது, "நீங்க தேடுங்க, நான் தொலையாம பார்த்துக்கறேன்" என்று கூடவே கிளம்பிவிட்டான்.

மேஜைக்கு எதிரே நின்றவள்தான் அந்த குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள், மருந்துக் கடையில் வேலை செய்பவள். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவாள். அவள் கணவன் கூட்டுப்படையின் மூன்றாம் பட்டாலியனில் வயர்லெஸ்காரன். போன வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. முப்பது நாள் ஆஜராகாததால் அவன் படையை விட்டு ஓடியவனாகக் கருதப்படுகிறான், வெள்ளிக்கிழமை விசாரணை, தீர்ப்பு உறுதியானால் அன்று மாலையே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்று செவ்வாய்.

"அவர் ஓடுற ஆள் இல்ல டீச்சர்" என்றாள் அவள். "ஓடியிருந்தா ஒவ்வொரு திங்கக்கிழமையும் லெட்டர் போடுவாரா? நேத்துகூட வந்திருக்கு பாருங்க. எங்கயோ உயிரோட இருக்காரு. கண்டுபிடிச்சுக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க. ரெண்டு வருஷம் உள்ள போட்டாலும் பரவாயில்ல, இருந்துட்டு வரட்டும்."

"இந்த லெட்டரையெல்லாம் விசாரணை அதிகாரி பார்த்தாரா?"

"நேத்து சாயங்காலம் மேஜரே வந்தாருங்க. ரொம்ப நல்ல மனுஷன். இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தாரு. 'இதோட ஒன்பதாம்மா?'ன்னாரு. ஆமான்னேன். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கன்னாரு. லெட்டர் வர்றதால ஆள் உயிரோட ஒளிஞ்சிருக்கான்னுதான் எழுத வேண்டி வரும்னு வருத்தப்பட்டாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு டம்ளரை அவரே கழுவி வச்சிட்டுப் போனாரு."

"ஆபீசர் டம்ளர் கழுவினாரா?" கத்திரி புருவத்தைத் தூக்கினான். "நான் பார்த்த ஆபீசருங்க கை கழுவவே ஒரு ஆள் தண்ணி ஊத்தணும்."

டீச்சர் நிமிரவில்லை. மூன்றாவது கடிதத்துக்கும் ஏழாவது கடிதத்துக்கும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, கடைசியா லீவுல வந்தப்ப எப்படி இருந்தாரு?"

"தாடி விட்டிருந்தாரு. ஷேவ் பண்ணா தோல் எரியுதுன்னாரு. அப்புறம்..." அவள் லேசாகச் சிரித்தாள். "சாவிக்கொத்து பூரா கறுப்பு டேப் சுத்தி வச்சிருந்தாரு. சாவி சத்தம் கேட்டாத்தான் பாப்பா வாசலுக்கு ஓடுவா. அன்னைக்கு சத்தமே இல்லாம உள்ள வந்து நின்னுட்டாரு. பயந்து அழுதுட்டா. நானும் திட்டிட்டேன்."

கத்திரி விசில் அடிக்க வாயைக் குவித்து, பிறகு அடிக்காமல் விட்டான். வாசலுக்கு வந்து அண்ணியைச் சைகை காட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணி, முகாம்ல மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை மூணு பட்டாலியனும் என் நாற்காலி முன்னாடி வரிசையில நிக்கும். பேர் கூப்பிடுவாங்க, தலை வரும், முடி போகும். தாடி வச்ச சிப்பாயும், கல்யாணமே வேணாம்னு சொல்ற முப்பது வயசுக்காரனும் ஒண்ணு. உள்ள ஏதோ விஷயம் இருக்கும்."

"என்ன விஷயம்?"

"கூட்டுப்படைன்னா கூட்டுக் குடும்பம் மாதிரி. பேர் சொல்லி நாலு பேருக்கு அறிமுகம் பண்ற பிள்ளைங்க மூணு பேர். அதான் பட்டாலியன்ங்க. கொடி இருக்கு, பேண்டு வாத்தியம் இருக்கு, சட்டையில நம்பர் இருக்கு, செத்தா இருபத்தொரு குண்டு போடுவாங்க. நாலாவதா ஒரு பிள்ளை இருப்பான். வீட்டுல எல்லா இடக்கு முடக்கு வேலையும் அவன்தான் செய்வான். ஆனா யாராவது கேட்டா, எங்களுக்கு மூணே பிள்ளைங்கன்னுவாங்க."

"அவங்களுக்குப் பேர்?"

"பேரே இல்ல. நாங்க விருந்தாளிங்கன்னு சொல்லுவோம். சொல்லாம வருவாங்க, சொல்லாம போவாங்க. முடி வெட்டிக்க மட்டும் வரவே மாட்டாங்க. மத்த பட்டாலியன்ல நல்லா வேலை தெரிஞ்சவனைக் கடன் வாங்கிட்டுப் போவாங்க. வயர்லெஸ்காரன்னா ரொம்பப் பிடிக்கும்."

"திருப்பிக் கொடுப்பாங்களா?"

"வந்தா கொடுப்பாங்க" என்றான் கத்திரி.

முகாமின் வெளி அலுவலகத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு குமாஸ்தா, குமாஸ்தாவுக்கு முன்னால் ஆஜர்ப் புத்தகம். அவன் மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாகத் துவைத்த சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. மருந்துக்காரி கொடுத்த அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுப் புத்தகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

கணவனின் பெயருக்கு நேரே நாலு வாரம் தொடர்ச்சியாக 'மருத்துவமனை'. அதற்குப் பிறகு முப்பது நாள் 'இல்லை'. அந்த முப்பதும் முத்து முத்தான கையெழுத்து.

"மருத்துவமனைன்னு எழுதினது எனக்கு முன்னாடி இருந்தவரு" என்றான் குமாஸ்தா. "தினம் காலையில பேர் கூப்பிடுவோம். இவர் பேர் வந்தா இவர் குரல் வராது, சார்ஜென்ட் குரல்தான் வரும். 'மருத்துவமனை'ன்னுவார். முதல் ரெண்டு நாள் நானும் அப்படியேதான் எழுதினேன். மூணாவது நாள் மனசு கேக்கல. மருத்துவமனைக்கே போயிட்டேன். படுக்கையில ஆள் இல்ல. அப்படி ஒரு நோயாளி வந்ததாவே யாருக்கும் தெரியல."

"உடனே திரும்பி வந்து திருத்திட்டீங்க."

"எழுதின ரெண்டு நாளையும் அடிச்சிட்டு 'இல்லை'ன்னு எழுதினேன். உண்மையைத்தானே எழுதணும்? சார்ஜென்ட்கிட்ட கேட்டேன். 'சொன்னதை எழுதுடா'ன்னாரு. பொய் எழுத மாட்டேன்னுட்டேன்." சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்திருந்தது. அடுத்த வாக்கியத்தில் தாழ்ந்தது. "முப்பது நாள் 'இல்லை' விழுந்தா ஓடினவர்னு தானா நோட்டீஸ் போயிடும். அது விதி. நோட்டீஸ் போன அன்னைக்குத்தான் சார்ஜென்ட் என்னைத் தனியா கூப்பிட்டாரு. 'சோற்றுல மறைச்சு வச்சிருந்த பூசணிக்காயை வெளிய எடுத்துட்டியே, இனி யார் தலையில உடைப்பாங்க தெரியுமா?'ன்னாரு."

"இப்பத் திருத்த முடியாதா?"

"திருத்தலாம். 'இல்லை'ங்கறதை அடிச்சா, அப்ப எங்க இருந்தாருன்னு எழுதணும். அதைச் சொல்ல இங்க ஆள் இல்ல." குமாஸ்தா குரலைத் தணித்தான். "அவங்க வீட்டுல என்னைத் திட்டுறாங்களா அம்மா?"

டீச்சருக்கு வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வீட்டுப்பாடம் கேட்க மறந்த வாத்தியாருக்கு ஞாபகப்படுத்தி வகுப்பையே மாட்டிவிடும் ரகம். அடிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. "உங்க பேரே அவங்களுக்குத் தெரியாதுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து கம்பிவேலி ஓரமாக நடந்தார்கள். உள்ளே தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை எண். ஐந்து, ஆறு, ஏழு. அடுத்ததில் எண் இல்லை. அதற்கும் அடுத்ததில் ஒன்பது.

"எட்டு எங்க தம்பி?"

"அதான் நாலாவது பிள்ளை."

ஒன்பதாம் கொட்டகையின் பின்புறம் நீளமான கொடிகளில் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாச் சட்டைகளின் கழுத்துப்பட்டையிலும் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது.

"அது என்ன?"

"நம்பர். முகாம் சலவையில நம்பர் இல்லாத துணியைத் தொட மாட்டாங்க. பத்தாயிரம் சட்டையில எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் நின்றுவிட்டாள். "அப்ப விருந்தாளிங்க துணி?"

"அவங்களுக்கு நம்பரே கிடையாதே. மாட்டினா எந்தப் படைன்னு தெரிஞ்சிடுமே. அதனால மூட்டை கட்டி டவுனுக்கு..." கத்திரி பாதியில் நிறுத்தினான். "டவுனுக்குப் போகும். வேன்ல. திங்கக்கிழமை."

டீச்சர் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துத் தபால் முத்திரையைக் காட்டினாள். படைத்தபால் முத்திரை இல்லை. டவுன் தபால் நிலையத்தின் சாதாரண வட்ட முத்திரை, போட்ட அன்றே வந்து சேரும் உள்ளூர்த் தபால். திங்கட்கிழமை.

"நான் முப்பத்தோரு வருஷம் காப்பி நோட்டு திருத்தினவ" என்றாள் டீச்சர். "தினம் ஒரு பக்கம் எழுதுன்னா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் எழுதிட்டு வருவான். தேதி மட்டும் ஒழுங்கா போட்டிருப்பான். முதல் பக்கம் மணி மணியா இருக்கும். நாலாவதுல எழுத்து சாயும். ஏழாவதுல கோட்டை விட்டு இறங்கும். இந்த ஒன்பது லெட்டரும் அந்த நோட்டுதான் தம்பி."

"ஒரே நாள்ல எழுதினதுங்கறீங்களா?"

"ஒரே மூச்சுல. அவ பட்டாலியன் முகவரிக்கு, பாப்பாவுக்குப் பல் விழுந்ததுன்னு எழுதியிருக்கா, கூரை ஒழுகுதுன்னு எழுதியிருக்கா. ஒண்ணுக்காவது பதில் இருக்கா? 'நல்லா இருக்கேன், பாப்பா நல்லா சாப்பிடுறாளா'. அவ்வளவுதான். இன்னொண்ணு பாரு."

ஒன்பது தாள்களையும் தேதி வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெயிலில் பிடித்தாள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. துப்பாக்கி துடைக்கிற எண்ணெய். முதல் தாளில் தோசைக்கரண்டி அளவு என்று கத்திரி சொன்னான், அது அவன் வழக்கப்படி மிகை. ஒரு நாணய அளவு இருந்தது. தாளுக்குத் தாள் சுருங்கிக்கொண்டே வந்தது. மேலே விழுந்த ஒரு சொட்டு அடுக்கு முழுக்க இறங்கியிருந்தது.

"ஒன்பதாவதுல இன்னும் உளுந்து அளவு இருக்கு" என்றாள் டீச்சர். "அப்ப அதுக்குக் கீழயும் தாள் இருந்திருக்கு. கடிதம் இன்னும் முடியல. மிச்சம் யார்கிட்டயோ இருக்கு."

கத்திரிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "அவ இதையெல்லாம் உயிரோட இருக்கறதுக்கு அத்தாட்சின்னு நினைச்சுட்டு இருக்கா அண்ணி."

"தெரியும்" என்றாள் டீச்சர். "நட."

சலவைக்கடை முழுக்க நீராவி. இஸ்திரி மேஜைக்குப் பின்னால் சுவர் பூராவும் புறாக்கூடு மாதிரி மரத் தடுப்பறைகள். பாதியில் எண் ஒட்டிய துணிப் பொட்டலங்கள். மீதியில் வெறும் நூல் முடிச்சுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் என்று. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். கத்திரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவன் கூட வந்தவளைப் பார்த்ததும் மலர்ந்ததை மூடிக்கொண்டார்.

"வாங்க சலவை அண்ணாச்சி சார்" என்று கத்திரி அவர் கடையில் அவரையே வரவேற்றான். "வெளுத்ததெல்லாம் போதும், இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டு வரணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"நான் இன்னும் கேக்கவே இல்லியே! பரீட்சைக்கு முன்னாடியே விடை எழுதுற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

டீச்சர் மேஜைமேல் ஒன்பது உறைகளையும் வைத்தாள். முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் அவள் கற்றுக்கொண்டது இது: குற்றம் செய்த பையனிடம் கேள்வி கேட்கக் கூடாது. பேசாமல் நின்றால் போதும்.

இஸ்திரிப் பெட்டி அதன் தட்டில் உஸ் என்றது.

"அந்தப் பொண்ணு வந்திருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மருந்துக் கடையில இருக்கா. வேலை நேரம்."

அவர் கதவைச் சாத்தினார். நீல நூல் கட்டிய கூட்டிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்தார். மூன்று உறைகள். அவற்றின்மேல் கறுப்பு டேப் சுற்றிய சாவிக்கொத்து.

"எட்டாம் ஷெட்டுக்காரங்க எல்லை தாண்டிப் போறதுக்கு முன்னாடி பன்னண்டு வாரத்துக்குப் பன்னண்டு லெட்டர் எழுதி, ஒட்டி, இங்க கொடுத்துடுவாங்கம்மா. அவங்க போற இடத்துல தபால் பெட்டி கிடையாது. வாரம் தவறாம நான் ஒண்ணொண்ணா போடணும். வீட்டுல சந்தேகம் வரக்கூடாது. திரும்பி வந்தவன் நேரா இங்க வருவான். மிச்சத்தைக் கேட்டு வாங்கி, இதோ இந்த அடுப்புல போட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே போவான்."

"வராதவன்?"

"கடைசி வரைக்கும் போடணும்." அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். "இந்தத் தடவை ஆறு பேர். மூணாவது வாரமே அஞ்சு பேர் வந்து வாங்கிட்டாங்க. யாரும் சிரிக்கல. அவங்க தலைவர் நீலக் கட்டுமேல இந்தச் சாவியை வச்சாரு. 'பன்னண்டையும் போட்டுடுங்க'ன்னாரு. 'பையன் வருவானா ஐயா?'ன்னு கேட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் நாங்க போகவே இல்ல, அப்புறம் எப்படி வருவான்னாரு."

டீச்சர் சாவியைக் கையில் எடுத்தாள். அதிலிருந்து சத்தமே வரவில்லை. மூணாவது வாரம். அதற்குப் பிறகு வந்த ஆறு கடிதங்களையும் மருந்துக்காரி உயிரோடு இருப்பவனின் குரலாகப் படித்திருக்கிறாள், திரும்பத் திரும்ப.

"வெள்ளிக்கிழமை விசாரணையில இதைச் சொல்லணும் ஐயா" என்றாள். "மூணு வாரம் கழிச்சு வரப்போற தேதி போட்டு, செத்தவன் கையால எழுதின கடிதம். இதைவிட அத்தாட்சி என்ன வேணும்? ஓடினவன் இல்லன்னு ஆகிடும்."

"நான் எப்படிச் சொல்லுவேன்? என் கடைக்கு போர்டு இருக்கு. எட்டாம் ஷெட்டுக்கு போர்டே கிடையாது. இல்லாத ஷெட்டோட துணியை இருபது வருஷமா துவைக்கறேன்னு சாட்சி சொன்னா, பைத்தியம்னு ஆஸ்பத்திரியில போடுவாங்க. அங்க நிஜமாவே படுக்கை காலியாத்தான் இருக்காம்." அவர் சிரிக்க முயன்று முடியாமல் இருமினார். "அதுவும் அந்தத் தலைவர் எதிர்லயே உட்கார்ந்திருக்கப்ப."

"எந்தத் தலைவர்?"

"இதை வச்சிட்டுப் போனவர்தான். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மேல்சட்டை வேணும், நல்ல மடிப்பா போடுங்கன்னு நேத்துதான் கொடுத்துட்டுப் போனாரு. ரெண்டு சட்டை வச்சிருக்கார். பட்டாலியன் சட்டையில நம்பர் இருக்கும், அது முகாம்லயே வெளுக்கும். இது இன்னொண்ணு."

அவர் காட்டிய மூலையில், ஹாங்கரில், மொடமொடப்பாக ஒரு சட்டை தொங்கியது. கத்திரி போய்க் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தான். வெறுமையாக இருந்தது.

"மேஜர்" என்றான். "டம்ளரைக் கழுவி வச்ச மகராசன்."

'இதோட ஒன்பதாம்மா?' அவர் எண்ணிக்கை கேட்கவில்லை என்று டீச்சருக்கு இப்போது உறைத்தது. சொல்லியிருக்கிறார். படைத்தபாலில் வராத கடிதம், யார் மேஜைக்கும் போகாத கடிதம். அது ஒன்பது என்று கடைக்காரரைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். விசாரணையை ஏன் இந்த வெள்ளிக்கிழமை வைத்தார்கள் என்பதும் புரிந்தது. இன்னும் மூன்று திங்கட்கிழமை போனால் கடிதம் நின்றுவிடும். கடிதம் நின்றால் ஆள் எங்கே என்று மனைவி கேட்பாள். இப்போதே முடித்துவிட்டால் அவன் உயிரோடு எங்கேயோ ஓடியவன். ஓடியவனுக்கு உடல் வேண்டாம், இடம் வேண்டாம், எல்லையும் வேண்டாம்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதது தெரியும்" என்றான் கத்திரி. "ஆட்டுக்கு ஓநாயே நோட்டீஸ் அனுப்பினது இதுதான் முதல் தடவை."

"அவரையும் திட்டாதேப்பா" என்றார் கடைக்காரர். "சாவியை வச்சப்ப அந்தக் கை நடுங்கிச்சு. நான் பார்த்தேன்."

"கை நடுங்கும், பேனா நடுங்காது" என்றாள் டீச்சர். கடிதக் கட்டைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, அதை எடுத்துட்டுப் போனா நான் என்ன பதில் சொல்வேன்?"

"போட்டாச்சுன்னு சொல்லுங்க. நேர்லயே போட்டாச்சு."

மருந்துக் கடையில் மதிய நேரத்துக் கூட்டம் வடிந்திருந்தது. அவள் ஒரு கிழவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி. மாத்திப் போட்டுடாதீங்க தாத்தா." கிழவர் நகர்ந்ததும் டீச்சர் சாவிக்கொத்தைக் கண்ணாடி மேடைமேல் வைத்தாள்.

அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. கை மட்டும் மாத்திரைக் குப்பியின் மூடியைத் தேடி, மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடியது.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. சலவைக்கடையில் கேட்ட எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு கடிதங்கள், மூன்றாம் வாரம், எண்ணில்லாத சட்டை, மேஜர். சொல்லும்போது கத்திரி கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்று, உள்ளே வரப் பார்த்த ஒருவரிடம் "தலைவலியா? வீட்டுல போய் மனைவிகிட்ட ரெண்டு வார்த்தை கம்மியா பேசுங்க, சரியாயிடும்" என்று திருப்பி அனுப்பினான்.

"டாக்டர் கையெழுத்தெல்லாம் படிக்கிறேன்" என்றாள் அவள் கடைசியில். "இவரு கையெழுத்து சாய்ஞ்சுக்கிட்டே போச்சு. பார்த்தேன் டீச்சர். குளிர் போலிருக்கு, விரல் மடங்கலைன்னு நினைச்சேன். ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன்."

"வெள்ளிக்கிழமை இந்த மூணையும் கொடுத்தா ஓடினவர்ங்கற பேர் போகணும். நியாயம் அதுதான். ஆனா வாங்கிக்கப்போற கை எதுன்னு சொல்லிட்டேன். அவர் கைக்குப் போனா இது இருந்த இடம் தெரியாது."

"கொடுக்கலைன்னா?"

"ஓடினவர்."

"கொடுத்தா?"

"அப்பவும் ஓடினவர்தான்" என்றாள் டீச்சர். வாழ்நாளில் எத்தனையோ பையன்களின் தகப்பன்மாரிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். அடுத்த வருஷம் எழுதலாம் என்று ஒரு வார்த்தை சேர்ப்பாள். இங்கே சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மருந்துக்காரி மூன்று உறைகளில் கட்டின் அடியில் இருந்ததை எடுத்தாள். மாத்திரை அட்டை வெட்டும் கத்தரியால் ஓரத்தை நறுக்கினாள். ஒரு பக்கம்கூட இல்லை. நாலு வரி. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. அவள் வாய்விட்டுப் படித்தாள். குரல் மருந்துச் சீட்டுப் படிக்கும் குரலாகவே இருந்தது.

"'நான் நல்லா இருக்கேன். பாப்பா நல்லா சாப்பிடுறாளா? எழுதி எழுதிக் கை வலிக்குது. மீதியை நேர்ல வந்து சொல்றேன்.'"

அவள் தாளை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை இதைக் கொடுக்கப் போறதில்ல" என்றாள் அவள். "இங்க படிச்ச மாதிரி அங்கயும் படிக்கப்போறேன். தேதியையும் சேர்த்து. மேஜர் எழுத மாட்டார்ல? எழுத வேணாம். எதிர்ல உட்கார்ந்து கேக்கட்டும்."

"கேட்டுட்டு டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போயிடுவான் தங்கச்சி" என்றான் கத்திரி.

"தெரியும் அண்ணா." மீதி இரண்டு உறைகளையும் அவள் டீச்சர் பக்கம் தள்ளினாள். "இது ரெண்டும் தபால்லயே வரட்டும். திங்கக்கிழமைன்னா பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து ஓட்டமா வருவா. அவளுக்கு நான் சொல்லணும். இன்னும் ரெண்டு வாரம் மட்டும் கொடுங்க டீச்சர். அதுக்குள்ள எப்படிச் சொல்றதுன்னு கத்துக்கறேன்."

டீச்சர் உறைகளைப் பார்த்தாள். இரண்டிலும் குவார்ட்டர்ஸ் முகவரி. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அந்தக் கதவை வேறு யாரோ திறப்பார்கள்.

"தம்பி, ஹால்ல படுத்தா உனக்கு முதுகு வலிக்குமா?"

கத்திரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "என் ரூம்ல மழைக்காலத்துல மூலையில சொட்டும் அண்ணி. அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கூரை ஒழுகற வீட்டுல இருந்து கூரை ஒழுகற வீட்டுக்கா கூட்டிட்டு வந்தீங்கன்னு பாப்பா கேக்கப்போறா."

மருந்துக்காரி அப்போதுதான் அழுதாள்.

டீச்சர் பையில் பேனாவைத் துழாவினாள். கிடைத்தது அந்த ஒன்றுதான். முதல் உறையின் முகவரியை நேர்க்கோடாக ஒரு அடி அடித்து, கீழே தன் வீட்டு முகவரியைக் குண்டு குண்டாகச் சிவப்பு மையில் எழுதினாள். பிறகு இரண்டாவது உறையை எடுத்தாள்.